சஞ்சி போட வேண்டிய முடிச்சு

கட்டுக்கலை,
கண்டி.
14.10.2025

அன்பு மகன் சதீஸ்குமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தங்கச்சி சஞ்சி மூன்று பேரும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனையை எடுத்திருக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் நீ இரண்டு நிமிசத்துக்கு ஒரு தரம் சரிப்பா என்பாய், நானும் சரி மகன் என்று சொல்லி வைத்துவிடுவேன், அப்படிச் சொன்ன ஒரு சரியைத் திரும்ப எடுக்கத்தான் இவ்வளவு கடதாசி செலவழிக்கிறேன். இன்னொன்று, இதற்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், அது உன் கைக்கே வர வேண்டும். கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்கும் அந்த அட்டையைப் பார்க்காதே, சின்ன வயதில் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

வீட்டுப் பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழமையாக விடாத மழை, மேல் வீட்டு மதிலோரம் கொஞ்சம் மண் சரிந்தது, பயப்பட ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனால் உன் கல்யாணத்துக்குப் பலகாரம் கடையில் வாங்கலாம் என்று சொன்னதற்கு என்னை ஒரு நாள் முழுக்கப் பார்க்கவே இல்லை. முன் அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. வீடியோவில் நீ மெலிந்து தெரிகிறாயாம், அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன், இனி என் தலைக்கு வராது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். மூன்று கிழமைக்கு முன் நீ போனில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நான் கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை என்று நீயே பார்த்துக்கொள். தை மாதம் மண்டபம் நிறைய ஆட்கள் வருவார்கள், மேளம், வீடியோ லைட், இரைச்சல், சஞ்சிக்கு அதெல்லாம் கஷ்டம்ப்பா, அன்றைக்கு மட்டும் அவளை வீட்டில் யாரோடாவது இருக்கவிட்டால் அவளுக்கும் நிம்மதி நமக்கும் நிம்மதி, நாத்தனார் முடிச்சைப் பெரியம்மா மகள் நதீஷா போடட்டும் என்றாய். நான் சரி மகன் என்றேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் நீ கேட்பதற்கு முந்தியே அதே யோசனை எனக்கும் இருந்தது. ஆனால் மறுநாள் புசல்லாவையில் இருந்து சம்பந்தி போன் எடுத்து, உங்க மகள் ரொம்ப கூச்ச சுபாவமாமே, மாப்பிள்ளை சொன்னாரு என்றார். கூச்சமா? சஞ்சிக்கா? எனக்கு ஒரு நிமிசம் அவர் நம்பர் மாறிக் கதைக்கிறாரோ என்று இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கூச்சம் இருந்தால் மாத்தளைக் கல்யாணத்தில் அப்படி நடந்திருக்குமா?

மாத்தளைக் கதை உனக்குத் தெரியும், எவனோ போனில் எடுத்து ஊரெல்லாம் அனுப்பி உனக்கும் வந்து சேர்ந்ததே. முன் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவின் முந்தானையைப் பிடித்துத் தடவி, இது பட்டு இல்ல, பொலியெஸ்டர் என்று நம்ம பிள்ளை சத்தமாகச் சொன்னது. முப்பத்திரண்டு வருசம் புடவைக் கடையில் நின்ற நான் சொல்கிறேன், அது பொலியெஸ்டர்தான். ஆனால் அதை அங்கே சொல்லலாமா, சொல்லக்கூடாதா என்பது அவள் விரல்களுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வரும் வழி முழுக்க அழுதாள். அதற்குப் பிறகுதான் ஓட்டிசம் உள்ள பெரிய பிள்ளைகளுக்குப் பழக்கவழக்கம் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு கெலிஓயாவில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை கம்பளை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன்.

அங்கே துஷானி மிஸ் என்று ஒருத்தர், உன் வயதுதான் இருக்கும், எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் எப்படி நடுவில் சேருவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, சத்தம் தாங்காவிட்டால் எப்படிச் சொல்லிவிட்டு வெளியே போவது, யாரையும் எதையும் தொடுவதற்கு முன் தொடலாமா என்று கேட்பது, இப்படி. நமக்கெல்லாம் தானாக வந்த விசயங்களை அவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இது என்ன பெரிய வித்தை, கடைக்கு வந்த எத்தனை புதுப் பிள்ளைகளை நான் பழக்கியிருக்கிறேன் என்று எனக்கு மனதுக்குள் ஒரு பெருமை. கை எட்டும் தூரத்தில் நில், மூன்று எண்ணு, கண்ணைப் பார், பேசு. இதுதான் நான் சேல்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, அதையே சஞ்சிக்கும் பழக்கினேன். ஒரு மாதத்தில் என்ன ஆனது தெரியுமா, வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க, புது டிசைன் வந்திருக்கு என்று தொடங்கிவிட்டாள். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவனையும் விடவில்லை. துஷானி மிஸ் சிரித்துவிட்டு, மற்றதெல்லாம் நல்லம் அங்கிள், ஆனா கண்ணைப் பாக்கச் சொல்லாதீங்க, அது அவளுக்கு வெயிலைப் பாக்கிற மாதிரி கூசும், நெத்தியைப் பாத்தாப் போதும் என்றார். பதினாறு வருசம் நான் என் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி என்னைப் பார் என்னைப் பார் என்று சொல்லியிருக்கிறேன் மகன்.

சேர்ட் மடித்து வைக்கும்போது உள்ளே ஒரு வெள்ளை அட்டை இருக்கும்தானே, நான் நின்ற பழைய கடையில் கேட்டு ஒரு கட்டு வாங்கி வந்து ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு பழக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது கிளம்புகிற பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் போதும் என்று தோன்றினால் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி நடந்துவிடுவாள். அதற்காக, எந்த வீட்டில் இருந்து கிளம்பினாலும் வீட்டுக்காரர் முன்னால் நின்று மூன்று எண்ணி போயிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும் என்று எழுதி நாலு மாதம் பழக்கினேன். பேக்கரியில் பழக்கினோம், சலூனில் பழக்கினோம், ஒரு நாள் பஸ் கொண்டக்டர் முன்னால் நின்று மூன்று எண்ணும்போது பஸ்ஸே காத்துக்கொண்டிருந்தது, அவன் சிங்களத்தில் போயிட்டு வா தங்கச்சி என்று சிரித்தான். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வந்தபோது எங்களுக்கு அவள் முதன்முதலில் நடந்த மாதிரி இருந்தது.

பெரஹர ஊர்வலம் முடிந்த கிழமை மேல் வீட்டுச் செல்லப்பா அண்ணனின் மனைவி இராஜம்மா அக்கா தவறிப்போனதைச் சொன்னேன்தானே, மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்கவில்லை. செல்லப்பா அண்ணனை உனக்கு நினைவிருக்கும், மாநகர சபையில் கிளார்க்காக இருந்தவர், எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுவார். சஞ்சி அவர்கள் கொடியில் காயும் சேலைகளைப் போய்த் தடவுகிறாள் என்று எத்தனை தரம் வாசலில் வந்து சத்தம் போட்டார், கடைசியில் கொடியையே வீட்டுக்குப் பின்னால் மாற்றிக் கட்டினார். இராஜம்மா அக்கா மட்டும் அவர் இல்லாத நேரம் ஒரு சேலையை எங்கள் பக்கம் மதிலில் காயப் போடுவார், சஞ்சிக்காகவே. அந்த வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. போகும் முன்னால் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், யாரையும் பார்த்துச் சிரிக்கக்கூடாது, வாங்க என்று சொல்லக்கூடாது, யார் சேலையையும் தொடக்கூடாது, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தனையும் ஒழுங்காகச் செய்தாள். அரை மணித்தியாலம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மற்றவர்கள் எழும்பிச் சொல்லாமல் வெளியே போவதைப் பார்த்து நானும் எழும்பினேன். பின்னால் வருகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், அவள் பிணத்துப் பக்கத்தில் கதிரையில் இருந்த செல்லப்பா அண்ணன் முன்னால் கை எட்டும் தூரத்தில் நின்று, உதடு அசைய மூன்று எண்ணி, கணீரென்று போயிட்டு வாரேன் மாமா என்றாள்.

சாவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது என்பது நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்ததில்லை, அதனாலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஒப்பாரி கூட நின்றுவிட்டது. அபசகுனம், இந்தப் பிள்ளையை ஏன் இங்க கூட்டிட்டு வந்தாங்க என்று பின்னால் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. செல்லப்பா அண்ணன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ரோட்டில் வைத்து வாயை மூடிட்டு வரத் தெரியாதா என்று கத்தினேன். நீ போன பிறகு அவளிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவள் அந்த அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். எந்த வீட்டில் இருந்து கிளம்பினாலும் என்று இருக்கிறது, என் கையெழுத்து. நான் சரியாத்தானே சொன்னேன் அப்பா என்று கேட்டாள். சாவு திரும்ப அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காக அப்படிச் சொல்வதில்லை என்று விளங்கப்படுத்தினேன். வாரேன்னு சொன்னது நான்தானே, சாவு இல்லையே என்றாள். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

மறுநாள் நாலு மணிக்கு உடுத்திக்கொண்டு கேற்றடியில் நின்றாள். எங்கே என்று கேட்டால், மாமா வீட்டுக்கு, சொன்னேன்தானே என்றாள். அங்கே சொந்தக்காரர்கள் கூட்டம், நேற்று நடந்தது போதாதா என்று நான் விடவில்லை. கருமாதி முடியும் வரை பதினாறு நாளும் நாலு மணிக்கு நிற்பாள், ஐந்து மணிக்கு உள்ளே வந்து உடுப்பை மாற்றுவாள், அழவும் இல்லை சண்டை பிடிக்கவும் இல்லை, சாப்பாடு மட்டும் பாதியாகக் குறைந்தது. பதினேழாம் நாள் அம்மாதான் என்னை ஏசினாள், வாக்குக் கொடுத்த பிள்ளையை ஏன் பொய்க்காரி ஆக்குறீங்க என்று. சரி, மன்னிப்பாவது கேட்டுவிட்டு வருவோம் என்று கூட்டிக்கொண்டு போனேன். சொந்தக்காரர்கள் எல்லாம் பதுளைக்குத் திரும்பிவிட்டார்கள், செல்லப்பா அண்ணன் தனியாக முன் அறையில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முந்தி என் மேல் பாய்ந்தார். பதினாறு நாளா இந்தப் பிள்ளை கேற்ல நிக்கிறதை ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஏன்யா விடல்ல, வந்தவங்க எல்லாம் சொல்லாமப் போனாங்க, அது முறை, போனவங்க போனவங்கதான், இது ஒண்ணுதான் திரும்பி வாரேன்னு சொல்லிச்சு என்றார். சஞ்சி போய் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குப் போகிறாள். நான் வாசல்படியில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பேன். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அவர் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுப்பார், முதல் நாள் சீனி கூடிவிட்டது, அவள் சீனி கூட மாமா என்றாள், அவர் அடுத்த நாள் சரியாகப் போட்டார். ஒரு நாள் அவர் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, இதையெல்லாம் என்ன செய்யிறதுன்னே தெரியல்ல தனபாலன் என்றார், உள்ளே இராஜம்மா அக்காவின் சேலைகள். சஞ்சி எழும்பிப் போய் அவர் நெற்றியைப் பார்த்து, தொடலாமா மாமா என்று கேட்டாள். கொடியை மாற்றிக் கட்டிய அதே மனுசன், தொடும்மா என்றார். ஒவ்வொன்றாக எடுத்துத் தடவி, இது நூல், இது கலவை, இது நல்ல பட்டு, மூணு தரம்தான் உடுத்தியிருக்காங்க, இது நிறையத் தரம் கழுவினது, இதுதான் மதில்ல போடுறது என்று சொன்னாள். மதிலில் ஏன் போட்டாள் என்று அவர் கேட்டார். எனக்காக என்றாள். அப்போதுதான் அந்த மனுசனுக்கே அது தெரிந்தது, சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சஞ்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர்கள் அழுதால் என்ன செய்வது என்று நான் அட்டை எழுதிக் கொடுக்கவில்லை. அவள் மூன்று எண்ணினாள், பிறகு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரும்போது, அதுக்கு அட்டை இல்ல, அதனால போகாம இருந்தேன் என்றாள்.

இதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது, நான் சரி சொன்னது. கல்யாணத்தன்று சஞ்சியை உங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா, ஆண்டுத் திவசம் முடியாததால் நீங்கள் எப்படியும் மண்டபத்துக்கு வரமாட்டீர்கள்தானே என்று செல்லப்பா அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கிளாசை வைத்துவிட்டு, கூடப்பிறந்தவள் இருக்கும்போது வேற ஒருத்தி முடிச்சுப் போடுறதுன்னு எந்தச் சட்டத்தில இருக்கு என்றார். எனக்குப் பக்கத்தில் சஞ்சி இருந்ததை நான் யோசிக்கவில்லை. அண்ணன் வாற அன்னைக்கா நான் இங்க இருக்கணும் என்று கேட்டாள். அண்ணன் அதற்கு முந்தியே வீட்டுக்கு வந்துவிடுவான், கல்யாணத்தன்று மட்டும்தான் என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அண்ணன் என்கிட்ட போயிட்டு வாரேன்னு சொன்னாங்க, ஏர்போர்ட்ல, நீல சேர்ட், நூல் கலவை, நான் கதிரைத் துணியைத் தடவிக்கிட்டு இருந்தேன், என்கிட்டதான் சொன்னாங்க என்றாள். கட்டுநாயக்காவில் அன்றைக்கு நீ அவள் முன்னால் குனிந்து சொன்னபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நீ எத்தனை நாள் போனில் வருத்தப்பட்டாய். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் மகன். ஆறு வருசமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் அட்டைக் கட்டிலிருந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்து அவளே எழுதினாள். இதுவரைக்கும் எல்லா அட்டையும் நான் எழுதியது, இது ஒன்றுதான் அவள் எழுதியது. இனி நீ அதை எடுத்துப் பார்க்கலாம். எழுத்து கோணலாக இருக்கும். வாரேன் என்று சொன்னவங்க வரணும், கேட்டவங்க அங்க இருக்கணும் என்று எழுதியிருக்கிறாள். நாலு மணிக்குச் செல்லப்பா மாமா அங்கே இருப்பதைப் பார்த்து அவளாகவே கண்டுபிடித்த சட்டம் அது. துஷானி மிஸ்ஸிடம் காட்டினேன், நாங்க அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதையே யோசிக்கிறோம், அவங்க எங்களுக்குச் சொல்றதை எழுதி வைக்கிறதில்ல என்றார்.

ஆகவே மகன், நான் சொன்ன சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் தாலியின் முதல் முடிச்சு நீ, மற்ற இரண்டு முடிச்சும் சஞ்சி. நதீஷாவிடம் அம்மா பேசிவிட்டாள், அவள் சந்தோசமாகப் பக்கத்தில் விளக்குப் பிடிக்கிறேன் என்றாள். இது வீம்பு இல்லை, எல்லாம் யோசித்துத்தான் செய்கிறோம். மஞ்சள் நூலை வைத்து செல்லப்பா அண்ணன் வீட்டுக் கதிரைக்குத் தினமும் தாலி கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தக் கதிரை இந்நேரம் நாற்பது தரம் கல்யாணம் முடித்தாயிற்று. அவள் விரலுக்கு நூல் எப்படி வழுக்கும் எப்படி இறுகும் என்று நம் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். கெட்டிமேளம்தான் கஷ்டம், முடிச்சுப் போடுகிற நேரம் பார்த்துத்தானே அதை அடிப்பார்கள். அதற்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூசை மேளம் அடிக்கிற நேரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றோம், பிறகு செருப்பு விடுகிற இடம், போன கிழமை கொடிமரம் வரை வந்துவிட்டோம். தாங்காவிட்டால் வலது கையை நெஞ்சில் வைப்பாள், அப்போது வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மண்டபத்திலும் அப்படித்தான். செல்லப்பா அண்ணன் உள்ளே வரமாட்டார், ஆனால் மண்டபத்து வாசலுக்கு வெளியே மரத்தடியில் கதிரை போட்டுப் பிளாஸ்கில் பிளேன்டியோடு காலையில் இருந்து இருப்பாராம், சத்தம் கூடினா பிள்ளை எங்கிட்ட வரட்டும் என்றார். அன்றைக்கு அவள் உள்ளே நின்று போட முடியாமல் போனால் போகட்டும், முயற்சி பண்ணிவிட்டு வந்தாள் என்று இருக்கும். வீட்டில் பூட்டிவைத்தோம் என்று இருக்கக்கூடாது, அது எனக்குத் தாங்காது.

சம்பந்தி வீட்டில் உள்ளதை உள்ளபடி நீதான் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவம் என்று நீ சொன்னது வெட்கத்தால் இல்லை, பயத்தால் என்று எனக்குத் தெரியும், நானும் பயந்தவன்தான், அதனால் கோபம் இல்லை. முதலில் கிருஷாந்தியிடம் சொல்லு, அவள் உன்னைக் கட்டப் போகிறவள், உன் தங்கச்சியைத் தெரியாமல் உன்னை எப்படித் தெரியும்? கடிதம் கிடைத்து ஒரு கிழமைக்குள் சொல்லாவிட்டால் நான் சஞ்சியையும் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்கு பஸ் ஏறிவிடுவேன், அவர்கள் வீட்டுச் சேலைகளுக்கெல்லாம் என்ன நூல் என்று அவளே வாசலில் நின்று சொல்லுவாள், பிறகு என்னைக் குறை சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கோட்டுப் போடாமல் வெளியே போகாதே. அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம், பிள்ளையார் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டார். வரும்போது மூன்று விசயம் மறக்காதே. சத்தம் கேட்காமல் காதை மூடுகிறது ஒன்று அங்கே விற்கிறதாம், துஷானி மிஸ் சொன்னார், கல்யாணத்துக்குச் சஞ்சியின் சேலை அரக்கு நிறம், அதற்குப் பொருத்தமாக ஒன்று வாங்கி வா. இரண்டாவது, அட்டையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டு வா, அண்ணனுக்கு இரவல்தான் என்று சொல்லித்தான் தந்தாள், ஏர்போர்ட்டிலேயே கையை நீட்டுவாள். மூன்றாவது மருமகளுக்கு. நீ முதல் முடிச்சைப் போட்டு விலகியதும் சஞ்சி பின்னால் வந்து நிற்பாள், மூன்று எண்ணுவாள், தொடலாமா அண்ணி என்று கேட்பாள். மேளச் சத்தத்தில் கேட்காமல் போய்விடும், கிருஷாந்தியைக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கச் சொல்லு. தொடு என்று அவள் வாயால் சொல்லும் வரைக்கும் நம்ம பிள்ளை நூலில் கை வைக்கமாட்டாள், முகூர்த்தம் போனாலும் அப்படியே நின்றுகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும் அன்பு அப்பா,
தனபாலன்